ஆகஸ்ட் சேற்றில் செங்கல் நிற நெஞ்சு: வலசை எப்போது தொடங்குகிறது?

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆழமில்லாத பாத்திகளில் நாற்பது ஐம்பது சிறு பறவைகள் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன, ஏழெட்டுக்கு நெஞ்சும் வயிறும் செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தன என்கிறீர்கள். கூட வந்த நண்பர், "வலசைப் பறவைகள் ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் வரும், இதெல்லாம் உள்ளூர்ப் பறவைதான்" என்று சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி, ஆவணி புரட்டாசியில் தமிழ்நாட்டில் வேறு என்னென்ன பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் பார்த்தவை வலசைப் பறவைகள்தான். செங்கல் நிறம் தெரிந்த அந்த ஏழெட்டும் பெரும்பாலும் வளைமூக்கு உள்ளான்களாக இருக்கும். அடுத்த முறை அலகைக் கவனியுங்கள்: நீளமாக, கறுப்பாக, நுனி மட்டும் மெல்லக் கீழே வளைந்திருக்கும். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு தெரியும். எடை 60 கிராமுக்கு அக்கம்பக்கம், ஏறக்குறைய ஒரு கோழி முட்டையின் எடைதான். கூடு கட்டுவது சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பத்தை ஒட்டிய மரமில்லாத துந்திர நிலத்தில். அங்கிருந்து மரக்காணம் நேர்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு நெருக்கமாக வரும். ஜூன் மாதம் அங்கே துணை தேடித் திரிந்த பறவை, ஆடி முடிவதற்குள் நம் உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தது.

உங்கள் நண்பர் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோருக்குப் பறவை பார்ப்பது என்றால் வேடந்தாங்கல்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து, நவம்பரிலிருந்து மரங்கள் எல்லாம் வெள்ளையாகிவிடும். "வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுப் போகின்றன" என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கேட்டுத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அங்கே கூடு கட்டுகிற கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாமே இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே இடம் மாறி மாறிப் போகும், மழை பெய்தால் திரும்ப வரும். சைபீரியாவிலிருந்து வருகிற ஒரு பறவையும் தமிழ்நாட்டில் கூடு கட்டுவதில்லை. அவற்றுக்குப் பிறந்த வீடு வடக்கே. இங்கே வருவது தின்று உடம்பு தேற்றி, பழைய இறகை உதிர்த்துப் புதிது போட்டுக்கொண்டு, குளிர்காலத்தைக் கழிக்க. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் வலசைக்கும் வேடந்தாங்கல் சீசனுக்கும் ஒரே நாள்காட்டி என்ற எண்ணம் பரவிவிட்டது.

உள்ளான், உப்புக்கொத்தி போல நீரோரச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளின் நாள்காட்டி வேறு. அது ஜூலை கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு சின்ன எச்சரிக்கையும் வேண்டும்: மே, ஜூன் மாதங்களில் உப்பளத்தில் ஓர் உள்ளானைப் பார்த்துவிட்டு "இந்த வருடம் சீக்கிரம் வந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது வந்த பறவையாக இல்லாமல், போகாமல் தங்கிய பறவையாக இருக்கலாம். இதைப் பிரித்தறிவது எப்படி என்பதுதான் ஆகஸ்ட் மாதத்தில் பறவை பார்ப்பதன் மொத்தச் சுவையும். எனக்கு இது புரிய ஆறேழு வருடம் ஆனது. அதுவரை சேற்றில் நிற்கிற சாம்பல் நிறச் சிறு பறவை எல்லாம் எனக்கு ஒன்றுதான். புரிந்த பிறகு ஒவ்வொரு பறவையின் முதுகிலும் அதன் ஊரும் வயதும் எழுதியிருப்பது போலத் தெரியத் தொடங்கியது.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே பாத்தியில் மூன்று விதமான வளைமூக்கு உள்ளான்கள் நிற்கும்.

முதல் வகை, நீங்கள் பார்த்த செங்கல் நிறப் பறவைகள். இவை முதிர்ந்தவை. கூடு கட்டும் காலத்துக்காகப் போட்டுக்கொண்ட சிவப்பு இன்னும் முழுதாகக் கழியவில்லை. இறகெல்லாம் தேய்ந்து, ஓரங்கள் நைந்து, பழைய சேலை மாதிரி இருக்கும். சிவப்புக்கு நடுவே வெள்ளையும் சாம்பலும் திட்டுத்திட்டாக எட்டிப் பார்க்கும். பறக்கும்போது சிறகைப் பாருங்கள். சில நாள் கழித்து வந்தால் நடுவே ஓட்டை விழுந்தது போல இறகுகள் இல்லாமல் இருக்கும். பறப்பதற்கான பெரிய இறகுகளை இவை இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக உதிர்த்து மாற்றுகின்றன. நீண்ட பயணத்தின் நடுவில் அதைச் செய்ய முடியாது. நல்ல இரையும் அமைதியான சேறும் அவற்றுக்கு இந்தச் சில வாரங்களில் எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்தே தெரியும்.

இரண்டாவது வகை, முதுகு மங்கலான சாம்பல், வயிறு வெள்ளை, சிவப்பு என்பதே இல்லாதவை. ஜூன், ஜூலையில் இங்கே இருப்பவை இவைதான். போன வருடம் பிறந்து, முதன்முறையாகத் தெற்கே வந்து, இந்தக் கோடையில் வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட இளம் பறவைகள். ஒரு வயதில் கூடு கட்டப்போவதில்லை என்றால் அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும்? கரைப்பறவைகளில் பல இனங்கள் முதல் கோடையைக் குளிர்கால வீட்டிலேயே கழிக்கின்றன. மே மாத வெயிலில் பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் தென்படுகிற சின்னக் கூட்டங்களில் பெரும்பகுதி இப்படித் தங்கியவை.

மூன்றாவது வகைக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் ஒன்றிரண்டு, செப்டம்பரில் நிறைய. இறகெல்லாம் புத்தம் புதிதாக, தேய்மானமே இல்லாமல் இருக்கும். முதுகில் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் வெளிர் கோடு ஓடுவதால் மீன் செதிலை அடுக்கி வைத்தது போலத் தெரியும். நெஞ்சில் இளமஞ்சள் கலந்த ஒரு சாயம். இவை இந்த வருடம் ஜூலையில் முட்டையிலிருந்து வெளிவந்தவை. இரண்டு மாதக் குழந்தை, யாரும் வழிகாட்டாமல் மரக்காணம் வந்து சேர்ந்திருக்கிறது.

யாரும் வழிகாட்டாமல் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வளைமூக்கு உள்ளானில் ஆண், பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கிய கையோடு கிளம்பிவிடும். குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது தாய் மட்டும். ஆகவே நமக்கு முதலில் வந்து சேர்பவை ஆண்கள், பின்னால் பெண்கள், கடைசியில் பிள்ளைகள். தாயும் பிள்ளைகளுக்கு முன்பே புறப்பட்டுவிடும். கோழிக்குஞ்சைப் போலப் பிறந்த நாளிலேயே ஓடி இரை தேடத் தெரிந்த குஞ்சுகள் அவை. திசையும் தூரமும் அவற்றின் பிறவியிலேயே பதிந்திருக்கின்றன. சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் இவற்றை வைத்துத் திசை பிடிக்கின்றன. இந்தத் திறமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2022 அக்டோபரில் ஓர் உதாரணம் கிடைத்தது. பி6 என்று குறியிடப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாத இளசு, அலாஸ்காவிலிருந்து கிளம்பி எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. முதுகில் இருந்த செயற்கைக்கோள் கருவி வழி நெடுகப் பதிவு செய்தது. பட்டைவால் மூக்கன் நம் கடற்கரைக்கும் வருகிற பறவைதான். அதே இனத்தின் இன்னொரு கூட்டம், இன்னொரு வழி.

இளசுகளின் எண்ணிக்கையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டைமிரில் லெம்மிங் என்ற எலி போன்ற சிறு பிராணி உண்டு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது ஏராளமாகப் பெருகும், பிறகு சட்டென்று குறைந்துபோகும். பெருகிய வருடத்தில் துருவ நரிகளுக்கு அதுவே போதும். குறைந்த வருடத்தில் அதே நரிகள் உள்ளான்களின் முட்டையையும் குஞ்சையும் தேடி வரும். அந்த வருடம் தெற்கே வந்து சேரும் கூட்டத்தில் செதில் முதுகு இளசுகள் அபூர்வமாகிவிடும். செப்டம்பர் கடைசியில் ஒரு பாத்தியில் நின்று, நூறு வளைமூக்கு உள்ளானில் எத்தனை இளசு என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தால், வடதுருவத்துக்குப் பக்கத்தில் இந்தக் கோடையில் எலி பெருகியதா இல்லையா என்பதற்கு ஒரு துப்பு உங்கள் கையில் இருக்கும். தமிழ்நாட்டு உப்பளத்தில் நின்றுகொண்டு அதைப் படிக்க முடிகிறது என்பது எத்தனை வருடமானாலும் எனக்கு வியப்புக் குறையாத விஷயம்.

இனி, ஏன் ஆகஸ்ட்? மழை வராத மாதத்தில் இவற்றுக்கு இங்கே என்ன இருக்கிறது? சேறு இருக்கிறது.

நாம் ஏரியில் தண்ணீரைப் பார்க்கிறோம், அவை தண்ணீரின் ஓரத்தைப் பார்க்கின்றன. கொசு உள்ளானின் கால் உங்கள் சுண்டுவிரலைவிடக் குட்டை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல் அதற்கு ஆகாது. பச்சைக்காலி கொஞ்சம் ஆழத்தில் நிற்கும், நெடுங்கால் உள்ளானும் மூக்கனும் இன்னும் ஆழத்தில். தண்ணீர் நாளுக்கு நாள் வற்றி, கரையிலிருந்து உள்ளே புதுச் சேறு திறந்துகொண்டே போகும்போதுதான் புழுவும் பூச்சிப் புழுக்களும் சிறு நத்தைகளும் எட்டும் தூரத்துக்கு வரும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை பெரிதாகப் பெய்வதில்லை. ஏரிகளும் கழுவேலி போன்ற உவர்நீர்ப் பரப்புகளும் சித்திரையிலிருந்து வற்றிக்கொண்டே வந்து, ஆடி ஆவணியில் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும். நமக்கு அது வறட்சி. 7,000 கிலோமீட்டர் பறந்து வந்த பறவைக்கு அது விரித்து வைத்த இலை.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் காட்சி மாறிவிடும். ஏரி நிறைந்தால் சேற்று ஓரம் மூழ்கும். அதுவரை அங்கே இருந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கடற்கரைக்கும், வயலுக்கும், வேறு ஆழமில்லாத நிலங்களுக்கும் சிதறிவிடும். அந்த இடத்துக்கு வாத்துகளும் நாமக்கோழிகளும் வரும். ஆகவே டிசம்பரில் முதன்முதலாக ஏரிக்குப் போகிறவர் வலசையின் இரண்டாவது பாகத்தைத்தான் பார்க்கிறார். காவிரிப் படுகையில் மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு: மேட்டூர் ஜூனில் திறந்த வருடங்களில் குறுவை வயல்களில் ஆகஸ்டிலேயே தண்ணீர் இருக்கும், வரப்போரத்தில் பொரி உள்ளான்கள் தனித்தனியாக நிற்கும். அருகில் போனால் "சிஃப் சிஃப் சிஃப்" என்று கத்திக்கொண்டு எழும்பும். தஞ்சாவூர், நாகை பக்கம் உழவர்கள் உள்ளான் என்று சொல்வதில் இதுவும் சேர்த்திதான்.

வளைமூக்கு உள்ளானோடு சேர்ந்து முதலில் வந்துவிடுகிறவை: சாதாரண உள்ளான், பொரி உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, கொசு உள்ளான். கடற்கரை மணலில் கூட்டமாக ஓடி ஓடி நிற்கிற சின்ன உப்புக்கொத்திகளும் ஆகஸ்டிலேயே வந்துவிடும், நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை இன்னும் மிச்சம் இருக்கும். இவற்றைத் தமிழில் மங்கோலியப் பட்டாணி உப்புக்கொத்தி என்று சொல்லி வந்தோம். இப்போது பறவையியலாளர்கள் அந்த இனத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம் கரைக்கு வருபவை திபெத்தியப் பீடபூமியைச் சார்ந்த இனம். துந்திரத்திலிருந்து வருபவற்றோடு ஒப்பிட்டால் இவை பக்கத்து வீட்டுக்காரர்கள், இமயத்தைத் தாண்டினால் நம் பக்கம். பொன்னிற உப்புக்கொத்தியையும் இந்த மாதங்களில் தேடிப் பாருங்கள். கூடு கட்டும் காலத்துக் கறுப்பு வயிறு கரைந்து கரைந்து திட்டுகளாக இருக்கும்போது அது போல அழகான பறவை குறைவு. டிசம்பரில் அதே பறவை வெறும் மண் நிறம்.

கரைப்பறவைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் உங்கள் கேள்வி விரிவானது. கடற்கரையை விட்டு உள்ளே வருவோம்.

மலையில் இருப்பவர்களுக்கு வலசையின் முதல் தூதன் சாம்பல் வாலாட்டி. நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் ஓடைகளில் ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் ஏதோ ஒரு காலையில் பாறை மேல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கும், வயிற்றில் எலுமிச்சை மஞ்சள். நேற்று இல்லை, இன்று இருக்கிறது. மலையில் பறவை பார்க்கிற பலரும் வருடா வருடம் இதன் முதல் நாளைக் குறித்து வைக்கிறார்கள். 2007-இல் மைக்ரண்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கியபோது, இப்படி "முதல் நாள்" குறிப்புகளைப் பொதுமக்களிடமிருந்து சேர்ப்பதுதான் அதன் அடிப்படை எண்ணமாக இருந்தது. இப்போது அந்த வேலை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் நடக்கிறது. பெரிய அறிவியல் ஒன்றும் வேண்டாம்: எந்த இடம், எந்த நாள், எத்தனை. இது போதும்.

சமவெளியில் மின்கம்பிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தகைவு இல்லாதவன், ஓயாதவன் என்று பொருள் கொள்ளத்தக்க பெயர் அது. நாளின் பெரும்பகுதியை வானத்தில் கழிக்கிற பறவைக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. அதே கம்பியில் நீலவால் பஞ்சுருட்டானும் சேரும். நம் ஊர்ச் சின்னப் பச்சைப் பஞ்சுருட்டானைவிடப் பெரியது, தலைக்கு மேலே உயரத்தில் கூட்டமாக "ப்ரூக் ப்ரூக்" என்று கத்திக்கொண்டு போவது முதலில் காதில்தான் விழும். வாத்துகளில் முந்திக்கொள்வது நீலச்சிறகி. ஊசிவாலும் தட்டைவாயனும் வந்து சேர்வதற்கு வாரக்கணக்கில் முன்பே ஒரு சின்னக் கூட்டம் ஏதாவது ஓர் ஏரி நடுவில் தலையைச் சிறகுக்குள் புதைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்.

செப்டம்பரில் வீட்டுத் தோட்டத்துக்கே வலசை வந்துவிடும். பழுப்புக் கீச்சான் வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. வந்த முதல் நாட்களில் வேலி உச்சியில் உட்கார்ந்து, கரகரவென்று கத்தித் தீர்க்கும். குளிர்காலம் முழுவதற்கும் தன் எல்லையை மற்றக் கீச்சான்களுக்கு அறிவிக்கிற கூச்சல் அது. எல்லை முடிவானதும் அடங்கிவிடும். செப்டம்பர் கடைசிக்குள் புதர்களில் "செக்... செக்" என்று நாக்கைத் தட்டுவது போன்ற சத்தம் கேட்டால் கதிர்க்குருவி. மாங்குயிலின் மஞ்சளும், செம்பழுப்பு உடம்போடு அரசவால் ஈப்பிடிப்பானும் இதே சமயத்தில் வரும். நத்தையூர், குளத்தூர் எதுவானாலும் ஒரு புளியந்தோப்போ மாந்தோப்போ இருந்தால் காலையில் அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள்.

கடலையும் மறக்க வேண்டாம். ஆடிக்காற்று அடங்கும் வரை நடுக்கடல் பறவைகள் எப்போதாவது கரைக்குத் தள்ளப்படும். தனுஷ்கோடி முனையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆலாக்களைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு, வழக்கமாக நிலத்தையே தொடாத ஆலா இனங்களும் கிடைக்கும். கடற்கரையில் கறுப்பு முதுகு ஆலா ஒன்று எழும்ப முடியாமல் கிடந்தால் அது நோயாளி என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் களைப்பும் பசியும்தான்.

பார்ப்பது எப்படி என்பதில் ஒன்றிரண்டு. ஆகஸ்ட் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் எழும்பும், பைனாகுலரில் எல்லாமே நெளியும். விடிந்து இரண்டு மணி நேரம், அல்லது நான்கு மணிக்கு மேல். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். உப்பளம் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடம், பாத்தி வரப்பில் நடப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். எந்தப் பாத்தியில் நேற்றுத் தண்ணீர் விட்டார்கள், எங்கே பறவை கூடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். பறவையின் காலையும் பாருங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. வண்ணக்கொடி கட்டிய கால் தென்பட்டால், எந்தக் காலில், எந்த நிறம், என்ன எழுத்து என்று ஒரு படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு படத்தால் ஒரு பறவையின் வரலாற்றில் ஒரு வரி கூடும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. வளைமூக்கு உள்ளானை உலக அளவில் 2024-இல் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலுக்கு உயர்த்திவிட்டார்கள். எங்கேயோ தூரத்தில் நடக்கிற அழிவு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. சேறு என்றாலே வீணான இடம் என்கிற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஏரியைத் தூர்வாருகிறோம், நல்லதுதான், தண்ணீர் வேண்டும். ஆனால் பொக்லைனை இறக்கிச் சுற்றிலும் செங்குத்தாக வெட்டி ஏரியைத் தொட்டி ஆக்கிவிட்டால், தண்ணீர் வற்றும்போது திறக்கிற சரிவு இல்லாமல் போகும். ஒரு பக்கக் கரையாவது மெல்லச் சரிந்து ஆழமில்லாமல் இருக்கட்டும் என்று தூர்வாரும் வேலை தொடங்கும் முன் கிராமசபையில் ஒருவர் எழுந்து சொன்னால் போதும், அதற்குத் தனிச் செலவு இல்லை. எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் நான் பதினைந்து வருடம் பச்சைக்காலி பார்த்தேன். செங்குத்தாக வெட்டிய பிறகு வந்த ஆவணியில் ஒன்றுகூட இறங்கவில்லை. அப்போது நானும் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

வலை இன்னொன்று. இந்த மாதங்களில் விடியற்காலை வயல்களில் நரம்பு போல மெல்லிய வலையை நிறுத்தி உள்ளான் பிடிக்கிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வந்து இறங்கிய முதல் வாரத்தில் இளசுகளுக்கு மனிதனைப் பற்றிய பயமே இருக்காது, பிறந்த இடத்தில் அவை மனிதனைப் பார்த்ததில்லை. வலையைப் பார்த்தால் நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம்.

அக்டோபர் வரும்போது இன்னொரு விருந்தாளிக்குத் தயாராக இருங்கள். ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். இரவில் பறந்து வருவதால் நகர வெளிச்சத்தில் தடுமாறி, சென்னையில் மாடி வீட்டுக் கண்ணாடியில் மோதி விழும். வருடா வருடம் செப்டம்பர் கடைசியிலிருந்து "வீட்டுக்குள் வண்ணக்கிளி வந்துவிட்டது" என்று யாராவது படம் அனுப்புவார்கள். அப்படிக் கிடைத்தால் காற்று போகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அரிசி, சோறு எதுவும் வேண்டாம், அது மண்ணைக் கிளறிப் புழு தின்கிற பறவை. பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள், ஒருமுறை காட்டிவிட்டு மூடிவிடுங்கள். மோதிய மயக்கம் மட்டும் என்றால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அன்று மாலையே மரமும் புதரும் உள்ள இடத்தில், பூனை நாய் இல்லாத பக்கமாகப் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிறகு தொங்கினாலோ, மயக்கம் தெளியாவிட்டாலோ வனத்துறையையோ பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரையோ கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்ட மரக்காணத்துக்குத் திரும்ப வருகிறேன். செப்டம்பர் மூன்றாவது வாரம் நண்பரையும் அழைத்துக்கொண்டு அதே பாத்திக்குப் போங்கள். அந்தச் செங்கல் நிறம் ஏறக்குறைய கழிந்திருக்கும். அதற்குப் பதிலாக முதுகில் செதில் போட்ட புதுப் பறவைகளைத் தேடுங்கள். எத்தனை வளைமூக்கு உள்ளான், அதில் எத்தனை இளசு என்று எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள்.